உயரமான மலைக்கு நடக்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

மலைப் பயணம் கிளம்பும் நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள், முன்பின் அறியாதவர்கள் என்று பலர் என்னிடம் கேட்டவை இவை. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. மலையில் அந்த ஒன்றே பெரிதாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

கயிறும் பனிக்கோடரியும் தேவைப்படும் ஏற்றங்கள் இதில் இல்லை. 3000 முதல் 6000 மீட்டர் வரை, காலால் நடந்தே ஏறிவிடக்கூடிய பாதைகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நான் மருத்துவர் அல்ல. மருந்தும் நோயும் வரும் இடங்களில் மலை மருத்துவத்தின் பொதுவான நெறிகளையே சொல்லியிருக்கிறேன். கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

எத்தனை மீட்டருக்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும்?

1500 முதல் 3500 மீட்டர் வரை உயரம், 3500 முதல் 5500 வரை மிகு உயரம், அதற்கு மேல் அதீத உயரம் என்று பிரிப்பது வழக்கம். 2500 மீட்டரைத் தாண்டிய இடத்தில் இரவு தங்கும்போதுதான் பலருக்கு முதல் தொந்தரவு தெரியும். பகலில் ஏறி மாலையில் இறங்கிவிடுகிறவர்களுக்கு அவ்வளவு சிக்கல் இல்லை. 'எவ்வளவு உயரம் ஏறினேன்' என்பதைவிட 'எவ்வளவு உயரத்தில் தூங்கினேன்' என்பதே முக்கியம். இந்தப் பக்கத்தில் இது பல முறை வரும்.

மனிதர்கள் நிலையாக வாழும் ஊர்களில் மிக உயரமானது பெரு நாட்டின் லா ரிங்கொனாடா, ஏறத்தாழ 5100 மீட்டர். 5500 மீட்டருக்கு மேல் ஊர் எதுவும் இல்லை. அங்கே உடல் பழகுவதைவிடத் தேய்வதே அதிகம். பார்த்துவிட்டு இறங்க வேண்டிய இடம் அது.

மேலே ஆக்சிஜன் குறைவு என்கிறார்களே, எவ்வளவு குறைவு?

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் ஒன்றுதான், கிட்டத்தட்ட 21 சதவீதம். குறைவது காற்றின் அழுத்தம். அழுத்தம் குறைந்தால் ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனும் குறைகிறது. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் 3500 மீட்டரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், 5500 மீட்டரில் பாதியும், எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கும் கிடைக்கும்.

இதற்கு உடல் முதலில் செய்வது வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்குவது. அதனால் இரத்தத்தின் அமில காரச் சமநிலை மாறுகிறது. அதைச் சரிசெய்யச் சிறுநீரகங்களுக்குச் சில நாட்கள் பிடிக்கும். மேலே போனதும் சிறுநீர் அதிகம் போவது அந்த வேலை நடப்பதற்கான அடையாளம், அதைக் கண்டு பயப்படாதீர்கள். புதிய சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரக்கணக்கு ஆகும். பத்து நாள் பயணத்தில் உங்களைக் காப்பாற்றுவது பெரும்பாலும் மூச்சும் சிறுநீரகமும்தான்.

நான் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறேன். எனக்கு மலைநோய் வராதுதானே?

வரலாம். உடல் பழகும் முன்பே உயரத்துக்குப் போவதால் வரும் தலைவலி, குமட்டல், சோர்வு போன்றவையே மலைநோய். நல்ல உடல்வலிமை இருந்தால் களைப்பு குறையும், காயம் குறையும், மலையை ரசிக்கத் தெம்பு இருக்கும். ஆனால் அது மலைநோயைத் தடுப்பதில்லை. வலிமையானவர்களுக்கு ஓர் ஆபத்து கூடுதலாகவே உண்டு. கால் ஒத்துழைப்பதால் வேகமாக ஏறிவிடுகிறார்கள், உடலின் உள்வேலை பின்தங்கிவிடுகிறது.

எங்கள் குழுவில் முதலில் படுத்தது நெடுந்தூர ஓட்டக்காரரான நண்பர்தான். மற்றவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார். அன்று இரவு முழுக்க வாந்தி. மறுநாள் அவரோடு நானும் இறங்கினேன். வழியெல்லாம் 'நான் நன்றாகத்தானே நடந்தேன்' என்று கேட்டுக்கொண்டே வந்தார். நன்றாகத்தான் நடந்தார். அவர் உடலுக்குத் தேவைப்பட்டது இன்னும் இரண்டு இரவுகள்.

எத்தனை மாதம் முன்பே பயிற்சியைத் தொடங்க வேண்டும்? என்ன செய்ய வேண்டும்?

ஓரளவு நடக்கும் பழக்கம் உள்ளவருக்கு மூன்று மாதம் போதும். பழக்கமே இல்லாதவருக்கு ஆறு மாதம். வாரத்தில் மூன்று நாள், மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற வேகத்தில் ஒரு மணி நேரம் நடை, ஓட்டம் அல்லது சைக்கிள். வாரம் ஒரு நாள் நீண்ட நடை. அதை இரண்டு மணி நேரத்தில் தொடங்கி, கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு ஆறேழு மணி நேரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பயணத்தில் தூக்கப்போகும் பையை, அதே எடையோடு முதுகில் மாட்டிக்கொண்டு நடங்கள். கடைசி வாரம் ஓய்வு.

பலர் விட்டுவிடுவது இறக்கத்துக்கான பயிற்சி. ஏறும்போது நுரையீரல் களைக்கிறது, இறங்கும்போது தொடை. ஒவ்வோர் அடியிலும் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவதால், பழகாத தொடை மறுநாள் மடங்க மறுக்கும். மாடிப்படி இருந்தால் பை சுமந்து மெதுவாக இறங்கிப் பழகுங்கள். மலையோ குன்றோ அருகில் இல்லாதவர்களுக்கும் பத்து மாடிக் கட்டடம் ஒன்று கிடைக்கும்.

நடையைப் போலவே, அடுத்தடுத்த நாள் நடப்பதற்கும் பழக வேண்டும். சனிக்கிழமை ஐந்து மணி நேரம் நடந்துவிட்டு, வலிக்கும் காலோடு ஞாயிற்றுக்கிழமையும் நடந்து பாருங்கள். அதற்குப் பிறகு மலை உங்களுக்குப் புதிதாக இருக்காது.

ஆறு நாளில் முடிக்கலாம் என்கிறார்கள், பத்து நாள் என்றும் சொல்கிறார்கள். விடுமுறை குறைவு. எது போதும்?

நான் திட்டத்தைப் பார்க்கும்போது முதலில் நாட்களை எண்ணுவதில்லை. ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டரில் தூங்குகிறோம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். 3000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஒரே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி இது. பயணத்துக்குப் பணம் கட்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

இரண்டு பெயர்பெற்ற பாதைகளை இப்படிப் பார்க்கலாம். எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகிறவர்கள் நாம்சேயில் (3440 மீட்டர்) இரண்டு இரவு, பிறகு தெங்போச்சே (சுமார் 3860), திங்போச்சேயில் (சுமார் 4400) மீண்டும் இரண்டு இரவு, லோபுச்சே (சுமார் 4900) என்று போவது வழக்கம். கிளிமஞ்சாரோவின் மரங்கு பாதையிலோ தங்குமிடங்கள் ஏறத்தாழ 2700, 3700, 4700 மீட்டரில் இருக்கின்றன. பிறகு 5895 மீட்டர் உச்சி. ஒவ்வோர் இரவும் ஆயிரம் மீட்டர் தாவல். அந்தப் பாதையில் நடப்பது எளிது, ஆனால் உடல் பழக இடம் கொடுக்காத பாதை அது. 3700 மீட்டரில் கூடுதலாக ஓர் இரவு சேர்த்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

விடுமுறை குறைவு என்றால் சிறிய மலையைத் தேர்ந்தெடுங்கள். பெரிய மலையைச் சுருக்காதீர்கள். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்காது. நான் கண்ட மலைநோய்களில் பெரும்பாலானவை, ஊரிலேயே நாட்காட்டியைப் பார்த்து ஓர் இரவைக் குறைத்தபோது தொடங்கியவை.

ஓய்வு நாள் என்றால் படுத்துக்கொண்டே இருக்கலாமா?

வேண்டாம். காலையில் இருநூறு முந்நூறு மீட்டர் மெதுவாக ஏறி, மேலே சற்று நேரம் இருந்துவிட்டு, தூங்க அதே முகாமுக்கு இறங்கி வாருங்கள். உயரத்தில் நட, தாழ்வில் தூங்கு என்று மலையேறுகிறவர்கள் சொல்வது இதைத்தான். தலைவலி இருப்பவர் மட்டும் ஏறாமல் முகாமிலேயே இருக்கட்டும்.

என்ன உடை, என்ன பூட்ஸ்? பட்டியல் கொடுங்களேன்.

நீண்ட பட்டியலைவிடக் காரணம் தெரிந்தால் நீங்களே போட்டுக்கொள்வீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும், காற்று அடித்தால் குளிர் இன்னும் உறைக்கும். உடலை ஒட்டி வியர்வையை வெளியேற்றும் செயற்கை இழை அல்லது மெரினோ கம்பளிச் சட்டை, அதற்கு மேல் வெப்பம் காக்கும் ஃபிலீஸ் அல்லது இறகு ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் மழையும் காற்றும் புகாத மேலுறை. பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்துக்கொண்டு உடலோடு ஒட்டியே குளிரும். நடக்கத் தொடங்கும்போது சற்றுக் குளிர்வது போல் இருந்தால் உடை சரியாக இருக்கிறது என்று பொருள். பத்து நிமிடத்தில் சூடாகிவிடும்.

பூட்ஸைக் கடையில் மாலையில் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். மலையில் அணியப்போகும் தடித்த சாக்ஸோடு போட்டு, சரிவில் இறங்கிப் பார்க்கும்போது பெருவிரல் முன்னால் இடிக்கக் கூடாது. புதிய பூட்ஸோடு மலைக்குப் போகாதீர்கள். குறைந்தது நூறு கிலோமீட்டராவது அதில் நடந்திருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். கொப்புளம் சிறியதுதான், ஆனால் ஐந்தாம் நாளில் பயணத்தையே முடித்துவிடும். கால் எரிவது போலத் தோன்றிய உடனே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள். அடுத்த நிறுத்தம் வரை பொறுக்காதீர்கள்.

கறுப்புக் கண்ணாடியை அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் அளவுக்குப் புற ஊதாக்கதிர் கூடுகிறது, புதிய பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்புகிறது. கண்ணாடி இல்லாமல் பனியில் ஒரு பகல் நடந்தால், கண்ணில் மணலைக் கொட்டியது போல இரவெல்லாம் எரியும். பக்கவாட்டிலும் மறைக்கும் கண்ணாடி வாங்குங்கள். மூக்கின் அடிப்பகுதியிலும் சன்ஸ்கிரீன் தடவுங்கள். வெளிச்சம் கீழிருந்தும் வருகிறது.

தண்ணீர் எவ்வளவு குடிக்க வேண்டும்? ஐந்து லிட்டர் என்றார் ஒருவர்.

நடக்கும் நாளில் மூன்று முதல் நான்கு லிட்டர், சாப்பாட்டிலும் தேநீரிலும் சூப்பிலும் போவது உட்பட. வறண்ட காற்றில் வேகமாக மூச்சு விடுவதாலேயே நிறைய நீர் போய்விடும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். அதற்கு மேல் வலிந்து குடிப்பதால் மலைநோய் வராமல் போவதில்லை. மாறாக இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், குழப்பம் வரலாம். அந்த அறிகுறிகள் மலைநோயைப் போலவே இருப்பதால் ஆளைத் திசைதிருப்பிவிடும்.

ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். 5000 மீட்டரில் தண்ணீர் 83 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். கிருமி சாக அது போதும், கொதி வந்த பின் மூன்று நிமிடம் விடுங்கள். வடிகட்டி கொண்டுபோனால் இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்குங்கள். ஒரு முறை உறைந்தால் உள்ளே உள்ள நுண்குழாய்கள் வெடித்துவிடும். பார்த்தால் தெரியாது, ஆனால் அதன்பின் அது வடிகட்டாது.

மேலே போனால் சாப்பாடு இறங்கவே இல்லை. என்ன செய்வது?

அந்த உயரத்தில் பசி மங்குவது இயல்பு. சாப்பாட்டு நேரம் வரை காத்திருக்காமல் மணிக்கு ஒரு முறை சிறிதாக எதையாவது வாயில் போடுங்கள். மாவுச்சத்தும் இனிப்பும் எளிதில் இறங்கும், கொழுப்பு மிகுந்தவை வயிற்றில் நின்றுவிடும். ஊரில் நீங்கள் விரும்பிச் சாப்பிடும் தின்பண்டத்தையே எடுத்துச் செல்லுங்கள். சத்து அதிகம் என்று வாங்கி மேலே வாயில் வைக்கப் பிடிக்காமல் திரும்பிக் கொண்டுவந்த பொட்டலங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு வேளை தொடர்ந்து எதுவுமே இறங்காமல், குமட்டலும் இருந்தால் கீழே தலைவலி பற்றிய பதிலைப் படியுங்கள்.

எவ்வளவு மெதுவாக நடக்க வேண்டும்? எல்லோரும் என்னை முந்திப் போகிறார்கள்.

போகட்டும். மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டோ, பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டோ நடக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். இருபது அடி வேகமாக நடந்து நின்று மூச்சு வாங்குவதைவிட, ஒரு மணி நேரம் நிற்காமல் போகக்கூடிய ஒரே சீரான நடை நல்லது. 4500 மீட்டருக்கு மேல் ஓர் அடிக்கு ஒரு மூச்சு என்று எண்ணிக்கொண்டு நடப்பேன். மனம் அலையாமல் இருக்கவும் அது உதவுகிறது.

நேரத்தைக் கணக்கிட ஸ்காட்லாந்தின் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு விதி சொன்னார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அது தாழ்ந்த மலைகளுக்கு எழுதப்பட்டது. 4000 மீட்டருக்கு மேல் அதை இரட்டிப்பாக்கிக்கொள்கிறேன். பெரும்பாலும் சரியாக வருகிறது.

லேசாகத் தலைவலி. மலைநோயா, வெயிலா, தூக்கக் குறைவா?

உயரத்தில் தலைவலி வந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை மலைநோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். புதிய உயரத்துக்கு வந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் இது தலைகாட்டும். தலைவலியோடு குமட்டல், மிகுந்த சோர்வு, தலைச்சுற்றல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால் ஏறக்குறைய உறுதி. அரை லிட்டர் தண்ணீர் குடித்து, ஏதாவது சாப்பிட்டு, ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் பாருங்கள். முழுதும் போய்விட்டால் நல்லது. போகவில்லையென்றால் அன்று அதே உயரத்தில் தங்குங்கள்.

மூன்று விதிகள் உண்டு. மலைநோய் அறிகுறியோடு மேலே போய்த் தூங்காதீர்கள். அறிகுறி கூடினால் இறங்குங்கள். அறிகுறி உள்ளவரைத் தனியாக விடாதீர்கள், தனியாகக் கீழே அனுப்பவும் செய்யாதீர்கள். குழுவில் யாரும் தலைவலியை மறைக்கக் கூடாது. மறைப்பவர் நல்ல எண்ணத்தோடுதான் மறைக்கிறார், மற்றவர்களுக்குத் தடையாக இருக்கக் கூடாது என்று. மாலையில் எல்லோரும் உட்கார்ந்து, தலைவலி உண்டா, சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்பதை வழக்கமாக்குங்கள். கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

எது வந்தால் உயிருக்கு ஆபத்து?

இரண்டு. ஒன்று நுரையீரலில் நீர் கோப்பது. மற்றவர்களைவிட நடை திடீரெனத் தளரும், வறட்டு இருமல் வரும். பிறகு உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும், முற்றினால் இளஞ்சிவப்பு நுரை வரும். பெரும்பாலும் புதிய உயரத்தில் இரண்டாம் இரவுக்கும் நான்காம் இரவுக்கும் இடையில் வருகிறது. தலைவலி இல்லாமலும் வரலாம். படுத்து எழுந்து அரை மணி நேரமாகியும் மூச்சு அடங்கவில்லை என்றால் அது வெறும் களைப்பு அல்ல.

மற்றொன்று மூளை வீக்கம். நடை தள்ளாடும், பேச்சு குழறும், ஆள் சம்பந்தமில்லாமல் எரிச்சலடைவார் அல்லது எதிலும் அக்கறையற்றுப் படுத்துவிடுவார். குதிகாலை முன்காலின் விரல்நுனியோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றே, இறக்கம். அறிகுறி தணியும் வரை, பொதுவாக 300 முதல் 1000 மீட்டர் வரை. ஆக்சிஜன், டெக்சாமெத்தசோன், நிஃபெடிபின் ஆகிய மருந்துகள், நோயாளியை உள்ளே படுக்கவைத்துக் காற்றழுத்தத்தைக் கூட்டும் பை எல்லாம் இறங்குவதற்கு நேரம் வாங்கித் தருபவை. அவற்றைக் கொடுத்துவிட்டு மேலேயே இருந்துவிடக் கூடாது.

மலைநோய்க்கு மாத்திரை போட்டுக்கொண்டே ஏறலாமா? அது ஏமாற்று வேலை என்கிறாரே நண்பர்.

அசெட்டசோலமைடைச் சொல்கிறீர்கள். அது அறிகுறியை மறைக்கும் மருந்து அல்ல. இரண்டாவது கேள்வியில் சொன்ன சிறுநீரக வேலையை அது விரைவுபடுத்துகிறது. ஆகவே ஏமாற்று என்று சொல்வது சரியல்ல. தடுப்புக்குப் பெரியவர்களுக்கான வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை மாலை இரு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். விரல் நுனியில் ஊசி குத்துவது போல இருக்கும், சிறுநீர் அதிகமாகும், சோடா சுவையற்றுப் போகும். சல்ஃபா மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஊரில் இருக்கும்போதே ஒரு நாள் போட்டுப் பாருங்கள்.

முன்பு மலைநோய் வந்தவர்களுக்கும், வேறு வழியில்லாமல் நேரடியாக 3500 மீட்டருக்கு விமானத்தில் போய் இறங்குகிறவர்களுக்கும் இது பயனுள்ளது. நல்ல திட்டத்தோடு மெதுவாக ஏறுகிறவர்கள் பலருக்குத் தேவைப்படாது. 'மாத்திரை இருக்கிறது, ஓர் இரவைக் குறைக்கலாம்' என்று யாராவது சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். டெக்சாமெத்தசோன் வேறு வகை. அது உடலைப் பழக்குவதில்லை, நிறுத்தியதும் அறிகுறி திரும்பிவிடும். அவசரத்துக்கென்று பெட்டியில் இருக்கட்டும்.

ஆக்சிமீட்டரில் 82 காட்டியது. ஊரில் இந்த எண் வந்தால் மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்களே?

விரலில் மாட்டும் அந்தக் கருவி காட்டுவது இரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதம். 4000 மீட்டருக்கு மேல் நலமாக இருப்பவருக்கும் எண்பதுகளில் காட்டுவது சாதாரணம். குளிர்ந்த விரலில் கருவி தவறாகவும் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பாருங்கள். ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். குழுவில் மற்றவர்கள் 85-இல் இருக்க ஒருவர் மட்டும் 70-இல் இருந்தாலோ, ஓய்ந்திருக்கும்போதும் எண் இறங்கிக்கொண்டே போனாலோ கவனியுங்கள். எண் நன்றாக இருந்து ஆள் தள்ளாடினால் ஆளை நம்புங்கள், எண்ணை நம்பாதீர்கள்.

இரவில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிக்கிறேன். செத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயத்தை நன்றாக அறிவேன், முதல் முறை எனக்கும் வந்தது. உயரத்தில் தூங்கும்போது மூச்சு வேகமெடுத்து, குறைந்து, சில விநாடி நின்று, பிறகு பெருமூச்சோடு தொடங்கும். அதீத உயரத்தில் ஏறத்தாழ எல்லோருக்கும் இப்படி நடக்கிறது. தனியாக இது மட்டும் இருந்தால் ஆபத்தில்லை. தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் படுங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சை மேலும் அடக்கும், தொடாதீர்கள். மிகத் தொந்தரவாக இருந்தால் மேலே சொன்ன அசெட்டசோலமைடு இதற்கும் உதவும்.

மாதவிடாய் அந்த நாட்களில் வந்தால்?

நடக்கலாம், மலைநோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. உயரம், குளிர், களைப்பு காரணமாகத் தேதி முன்பின் ஆகலாம் என்பதால் எதிர்பார்க்காவிட்டாலும் தேவையானதை எடுத்துச் செல்லுங்கள். பயன்படுத்தியவற்றை மூடிய பையில் திரும்பக் கொண்டுவாருங்கள். அந்தக் குளிரில் எதுவும் மக்குவதில்லை. தள்ளிப்போட மாத்திரை எடுக்க நினைத்தால் மருத்துவரிடம் உயரத்தையும் நாட்களையும் சொல்லிக் கேளுங்கள். சில ஹார்மோன் மாத்திரைகள் இரத்தம் உறைதலைக் கூட்டும், உயரமும் நீரிழப்பும் அதற்குத் துணை போகும்.

எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. அப்பாவுக்கு 64 வயது, அவரும் வருகிறேன் என்கிறார்.

வயது மட்டும் தடையல்ல. மெதுவாக நடக்கும் பெரியவர்கள் பல நேரம் இளைஞர்களைவிட நன்றாகவே பழகிக்கொள்கிறார்கள். கட்டுக்குள் இருக்கும் இரத்த அழுத்தத்தோடும், கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமாவோடும் பலர் போய்வருகிறார்கள். மாத்திரையை நிறுத்தக் கூடாது, இன்ஹேலரைக் குளிரில் வைக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலின் உறையாமலும் கருவி குளிராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நுரையீரல் இரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்கள், அரிவாள் செல் நோய் உள்ளவர்கள், கருவுற்றிருப்பவர்கள் இத்தகைய உயரத்துக்குத் திட்டமிடும் முன் மருத்துவரின் வெளிப்படையான அனுமதி பெற வேண்டும். அப்பாவுக்கு ஓர் ஈசிஜியும், நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் சோதனையும் எடுத்துவிடுங்கள். பிறகு பயிற்சிக் காலத்தின் நீண்ட நடைகளில் அவரையும் அழைத்துப் போங்கள். அவரால் முடியுமா என்பது உங்கள் இருவருக்கும் அங்கேயே தெரிந்துவிடும்.

உச்சிக்குப் போகும் நாளில் ஏன் நள்ளிரவில் எழுப்புகிறார்கள்?

பல மலைகளில் காலையில் வானம் தெளிந்தும் மதியத்துக்கு மேல் மேகமும் இடியும் கூடியும் இருக்கும். இரவில் உறைந்த பனியும் சரளையும் காலுக்குப் பிடிப்புத் தரும், வெயில் ஏறியதும் இளகிவிடும். இறங்குவதற்குப் பகல் வெளிச்சமும் மிச்சமிருக்க வேண்டும். முந்தைய மாலையே பையைக் கட்டி, மறுநாளுக்கான உடையில் பாதியை அணிந்தே படுத்துவிடுங்கள். தலைவிளக்கின் பேட்டரியும் கைப்பேசியும் உடலோடு ஒட்டி இருக்கட்டும், குளிரில் நிரம்பிய பேட்டரியும் படுத்துவிடும். தண்ணீர்ப் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் மேற்பரப்பில் உறையத் தொடங்கும் பனி மூடியை அடைக்காது.

அந்த இரவின் மூன்று மணி முதல் ஐந்து மணி வரைதான் மிகக் கடினம். குளிர் உச்சத்தில் இருக்கும், எதுவும் கண்ணுக்குத் தெரியாது, எதற்கு வந்தோம் என்று தோன்றும். அந்த நேரத்தில் உடலில் ஏதாவது கோளாறா, வெறும் மனச் சோர்வா என்று பிரித்துப் பாருங்கள். மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இல்லையென்றால், விடியும் வரை நடப்பது என்று மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். வெளிச்சம் வந்ததும் பெரும்பாலும் மனம் திரும்பிவிடும்.

உச்சி கண்ணுக்குத் தெரிகிறது, இருநூறு மீட்டர்தான் பாக்கி. திரும்பும் நேரம் தாண்டிவிட்டது. ஏறிவிடலாமா?

கூடாது. திரும்பும் நேரத்தை முந்தைய நாள் தெளிவான தலையோடு குறித்தீர்கள். இப்போது இருப்பது ஆக்சிஜன் குறைந்த தலை. 4000 மீட்டருக்கு மேல் செங்குத்தாக இருநூறு மீட்டர் என்பது ஒன்றரை மணி நேரமாகவும் ஆகலாம், நெய்ஸ்மித் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கால் தடுக்கி விழுவதும் வழி தவறுவதும் பெரும்பாலும் களைத்துப்போய் இறங்கும்போதுதான் நடக்கின்றன.

நான் ஒரு முறை ஏறத்தாழ நூற்றைம்பது மீட்டர் பாக்கி இருக்கும்போது திரும்பினேன். மதியம் ஆகிவிட்டிருந்தது, மேற்கிலிருந்து மேகம் வந்துகொண்டிருந்தது. இறங்கும் வழியெல்லாம் அழுகையை அடக்கிக்கொண்டுதான் வந்தேன். மூன்று மணிக்கு ஆலங்கட்டியோடு இடி இறங்கியபோது கூடாரத்துக்குள் இருந்தோம். அன்று ஏறியிருந்தால் அந்த நேரத்தில் திறந்த முகட்டின் மேல் நின்றிருப்போம்.

நண்பருக்குத் தள்ளாட்டம் இருக்கிறது, ஆனால் 'எனக்கு ஒன்றுமில்லை, மேலே போவோம்' என்று பிடிவாதம் பிடிக்கிறார். என்ன செய்வது?

அந்தப் பிடிவாதத்தையும் ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள். 1875-இல் செனித் என்ற பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் 8000 மீட்டருக்கு மேல் போனார்கள். ஆக்சிஜன் பைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. பயம் வர வேண்டிய நேரத்தில் பயமே வரவில்லை, கையைத் தூக்கவும் முடியவில்லை. இருவர் இறந்தனர். உயிர் பிழைத்த காஸ்தோன் திசாந்தியே அந்த நிலையைப் பிறகு எழுதி வைத்தார். ஆக்சிஜன் குறைந்தால் ஆபத்தை உணரும் அறிவுதான் முதலில் போகிறது. ஆகவே நோயாளியிடம் வாக்கெடுப்பு நடத்தாதீர்கள்.

கிளம்பும் முன்பே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: யாரிடம் தள்ளாட்டம் தெரிகிறதோ அவர் முடிவெடுக்கும் உரிமையை இழக்கிறார், வழிகாட்டி அல்லது நீங்கள் குறித்த ஒருவர் சொல்வதே முடிவு. மேலே போய் வாதாட நேரிட்டால், 'உனக்கு உடம்பு சரியில்லை' என்று தொடங்க வேண்டாம். 'எனக்கு முடியவில்லை, என்னோடு கீழே வா' என்று சொல்லுங்கள். பெரும்பாலும் வருவார்கள். அவர் பையை வேறொருவர் சுமக்கட்டும், இருவர் பக்கத்திலேயே இறங்குங்கள். ஹெலிகாப்டரை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள், மேகம் இருந்தால் அது வராது. காப்பீடு எடுக்கும்போது எத்தனை மீட்டர் வரை, ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பல காப்பீடுகள் குறிப்பிட்ட உயரத்தோடு நின்றுவிடும்.

போன வருடம் 5000 மீட்டர் போனபோது எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. இந்த முறை வேகமாகப் போகலாமா?

முன் அனுபவம் ஓரளவு வழிகாட்டும். ஒரே வேகத்தில் ஏறினால் பெரும்பாலும் அதே போல்தான் இருக்கும். ஆனால் உங்களுக்கு ஒன்றும் ஆகாதது அந்த வேகத்தில், அந்த இரவுகளோடு. போன வருடம் பழகிய பழக்கம் உடலில் இப்போது இல்லை, இறங்கி வந்த சில வாரங்களிலேயே அது கரைந்துவிடுகிறது. சளி, காய்ச்சல், நெஞ்சுத் தொற்று இருந்தால் சென்ற முறையின் கணக்கு அறவே பொருந்தாது. ஆகவே விதி அதேதான், 3000-க்கு மேல் இரவுக்கு ஐந்நூறு.

திரும்பி வந்ததும் இன்னொன்று செய்யுங்கள். எந்த இரவு எத்தனை மீட்டரில் தூங்கினீர்கள், எங்கே தலை வலித்தது, எதைச் சாப்பிட முடிந்தது, எந்த மாத்திரை எத்தனை நாள் போட்டீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். ஓர் ஆண்டு கழித்து உங்களுக்கு நினைவில் இருப்பது உச்சியின் புகைப்படம் மட்டும்தான். அடுத்த பயணத்துக்கு முன் மருத்துவரும் வழிகாட்டியும் கேட்பது அந்தப் பக்கத்தில் உள்ளதைத்தான்.